ஓர் எழுத்து மாறிய இரத்தம்

கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு ரத்தம். அதன் மேல், ஆக்சிஜனை இழுத்துக்கொள்ளும் மருந்து ஒரு சொட்டு. மெல்லிய கண்ணாடியால் மூடி, காற்றுப் புகாமல் ஓரங்களில் வாசலின் தடவி வைத்தேன். இனிக் காத்திருப்பதுதான் வேலை.

நுண்ணோக்கியில் முதலில் எல்லாம் வழக்கம்போலவே தெரிந்தன. சிவப்பணுக்கள் வட்ட வட்டமாக, நடுவில் லேசாகக் குழிந்து, ஒன்றையொன்று உரசிக்கொண்டு கிடந்தன. எழுந்துபோய்த் தேநீர் குடித்துவிட்டு வந்தேன். மறுபடி கண்ணை வைத்தபோது ஓர் அணுவின் ஓரம் நீண்டிருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்து அணு வளைந்தது. பிறகு இன்னொன்று. சற்று நேரத்தில் பார்த்த இடமெல்லாம் அரிவாள்களாக நிறைந்துவிட்டது.

அந்த ரத்தத்துக்குச் சொந்தக்காரி வெளியே பெஞ்சில் உட்கார்ந்து காத்தோ பிமா தின்றுகொண்டிருந்தாள். எங்கள் ஊர் மிளகாய் வடை அது. நாலு வயதிருக்கும் அவளுக்கு. காரத்தில் மூக்கு ஒழுகியது. வடையைக் கீழே வைக்க மட்டும் மனமில்லை. பெயர் தேவிகா.

எங்கள் தீவின் தலைநகர் போர்ட் லூயிஸில் ஒரு மருத்துவமனையின் சோதனைக்கூடத்தில் நான் வேலை பார்த்த நாட்கள் அவை. சுதந்திரம் வேண்டும், வேண்டாம் என்று தீவு இரண்டாகப் பிரிந்து நின்ற நேரம். ரோஸ் ஹில்லிலிருந்து பஸ்ஸில் வரும்போது சுவருக்குச் சுவர் தேர்தல் எழுத்துக்கள். நேற்றுவரை சேர்ந்து உட்கார்ந்து வந்தவர்கள் அந்த ஆண்டு தனித்தனி இருக்கை தேடினார்கள்.

சரஸ்பதி

குழந்தையின் தாய் பெயர் சரஸ்பதி. சரஸ்வதிதான். இந்தியாவிலிருந்து கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலில் வந்து இறங்கியவர்கள் சொன்ன பெயரைக் குமாஸ்தா தன் காதில் விழுந்தபடி எழுதினார். எழுதியபடியே பேரப்பிள்ளைகள் வரைக்கும் வந்துவிட்டது. அவள் கணவன் வேலாய்டன். வேலாயுதம் என்று சொன்னால் அவனுக்கே யாரோ என்றிருக்கும்.

நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம் கிரியோலில், பிரெஞ்சிலிருந்து பிறந்த தீவு மொழியில். வீட்டில் எல்லோருக்கும் அதுதான் பேச்சு. தமிழ் கோவிலில் இருந்தது, காவடிப் பாட்டில் இருந்தது, அக்கா, அண்ணன், மாமா என்ற சொற்களில் இருந்தது. நான் படிக்க மதராஸுக்குப் போனதால் எனக்கு இந்தத் தமிழ் கிடைத்தது. அவர்கள் பேசியதை அதில் எழுதுகிறேன்.

"அக்கா, கை விரலெல்லாம் வீங்குது புள்ளைக்கு. குளிர் வந்துட்டா காலைப் பிடிச்சிக்கிட்டுக் கத்துறா. தொட விட மாட்டா," என்றாள் சரஸ்பதி.

"எவ்வளவு நாளா?"

"நடக்க ஆரம்பிச்சதிலேர்ந்து. மூத்தவனும் இப்படித்தான் இருந்தான். அவன் போயிட்டான்."

அதைச் சொல்லும்போது அவள் குழந்தையின் சட்டைப் பித்தானைச் சரிசெய்துகொண்டிருந்தாள்.

லாங் மவுண்டனில் அவள் வாழ்க்கைப்பட்டிருந்தாள். வேலாய்டன் பஸ் ஓட்டுநர். அவனுடைய அண்ணன் கரும்புத் தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் சர்தார்; ஊர்க் கோவில் நிர்வாகமும் அவர் கையில்தான். பெற்றோர் இல்லாத வீட்டில் அவர் சொன்னதே முடிவு. அவரை யாரும் பெயர் சொல்வதில்லை, சர்தார்தான்.

ஏதோ ஒரு மருந்தகத்தில் யாரோ சொல்லிவிட்டார்கள்: இது கிரியோல்காரர்களுக்கு வரும் வியாதி, ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் ரத்தத்தில் இருப்பது என்று. அது சர்தார் காதுக்குப் போனது. "நு டிசாங் ப்ரோப்" என்றாராம். எங்கள் ரத்தம் சுத்தம். அப்படியென்றால் கலப்பு யார் வீட்டில்?

சரஸ்பதி மகளோடு ரிவியேர் டு ராம்பாரில் தன் அப்பா வீட்டுக்கு அனுப்பப்பட்டாள். வேலாய்டனுக்கு வேறு பெண் பார்க்கும் பேச்சும் தொடங்கியிருந்தது.

"அவர் என்ன சொல்றார்?" என்று கேட்டேன்.

"அண்ணன் முன்னாடி அவர் எப்ப பேசியிருக்கார்?"

டாக்டர் காயேத்தான்

எங்கள் சோதனைக்கூடத்தின் டாக்டர் காயேத்தான் கிரியோல்காரர். என் வயதுதான். இங்கிலாந்தில் படித்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். அவருடைய அண்ணன் குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குப் போகப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தது. "நீங்க போகலையா?" என்று கேட்டால், "இங்கதான் வேலை இருக்கு" என்பார்.

அவர் ஒரு கண்ணாடிப் பெட்டி செய்து வைத்திருந்தார். நீளமான வடிகட்டித் தாளை உப்புக் கரைசலில் நனைத்து, ஓரத்தில் ரத்தத்தின் சிவப்புச் சாற்றை வைத்து, இரவெல்லாம் மின்சாரம் செலுத்துவோம். காலையில் வந்து பார்த்தால் அந்தச் சிவப்பு தாளில் ஊர்ந்து நகர்ந்திருக்கும். சாதாரண ரத்தம் ஒரே கோடாக ஓடியிருக்கும். தேவிகாவினுடையது அந்தக் கோட்டுக்கு வெகு பின்னால், சோம்பலாக நின்றுவிட்டது.

ரத்தத்தைச் சிவப்பாக்குவது ஹீமோகுளோபின் என்ற புரதம். தேவிகாவின் உடம்பு வேறு விதமான ஹீமோகுளோபினைச் செய்துகொண்டிருந்தது. ஆக்சிஜன் குறைந்தால் அது ஒன்றோடொன்று ஒட்டி ஈர்க்குச்சிகளாக நீண்டு, அணுவையே வளைத்துவிடும். வளைந்த அணுக்கள் மெல்லிய ரத்தக் குழாய்களில் அடைத்துக்கொள்ளும். அதுதான் அவள் விரல்களின் வீக்கம், காலைப் பிடித்துக்கொண்டு கத்துவது எல்லாம்.

"ஏன் வேற விதமா செய்யுது?" என்று கேட்டேன்.

டாக்டர் மேசையிலிருந்த ஓர் ஆங்கில இதழை என் பக்கம் தள்ளினார். அதில் ஓர் அட்டவணை இருந்தது. சிறு சிறு கட்டங்கள், ஒவ்வொன்றிலும் மும்மூன்று எழுத்துக்கள்.

மூன்று மூன்றாக

அந்த மத்தியானத்தை நான் மறந்ததில்லை. சாப்பாட்டு டப்பா திறக்காமலே கிடந்தது.

உயிரணுவின் நடுவே ஒரு கரு. அதற்குள் நீண்ட இழை, டி.என்.ஏ. அதில் நாலே எழுத்துக்களில் எல்லாம் எழுதியிருக்கிறது. ஒரு புரதம் தேவைப்படும்போது அந்த இழையில் அதற்கான பகுதி மட்டும் நகலெடுக்கப்படுகிறது. அந்த நகல் கருவை விட்டு வெளியே வருகிறது. வெளியே ரைபோசோம் என்ற நுண்ணிய துகள்கள் இருக்கின்றன. அவை நகலைப் பிடித்து, மூன்று எழுத்து, அடுத்த மூன்று எழுத்து என்று படித்துக்கொண்டே போகின்றன. ஒவ்வொரு மூன்றுக்கும் ஓர் அமினோ அமிலம் வந்து சங்கிலியில் சேர்கிறது. சங்கிலி முடிந்ததும் தானே சுருண்டு மடிந்து வேலைக்குப் போய்விடுகிறது. அதுதான் புரதம்.

எந்த மூன்று எழுத்துக்கு எந்த அமிலம் என்பதுதான் அந்த அட்டவணை. சில வருடங்களுக்கு முன்னால் உலகத்தில் ஒருவருக்கும் அது தெரியாது. இப்போது எங்கள் மேசையில், மை பாட்டிலுக்குப் பக்கத்தில் கிடந்தது.

"கரும்புக்கும் இதே அட்டவணைதான்னு நினைக்கிறாங்க," என்றார் டாக்டர். சுவரில் ஒரு பல்லி போனது. "அதுக்கும். கவர்னருக்கும்."

தேவிகாவின் ஹீமோகுளோபினில், நூற்றைம்பதை நெருங்கும் அமிலங்கள் கொண்ட ஒரு சங்கிலியில், ஆறாவது இடத்தில் இருப்பது மட்டும் வேறு. அட்டவணைப்படி பார்த்தால் அதற்கு ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தால் போதும்.

"லாமேர். லாமோர்," என்றார் டாக்டர்.

கிரியோலில் லாமேர் என்றால் கடல். லாமோர் என்றால் சாவு. ஜன்னல் வழியாகப் பார்த்தால் துறைமுகம் தெரியும். அன்றைக்கு ஏனோ நான் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

நீல வலை

கதையை விட்டு ஒரு நிமிடம் விலகுகிறேன். சொல்லாமல் போனால் எனக்குத் தாங்காது.

சோதனைக்கூடத்தில் என் அன்றாட வேலைகளில் ஒன்று, இளம் சிவப்பணுக்களை எண்ணுவது. ஒரு நீலச் சாயம் கலந்தால் அப்போதுதான் எலும்பு மஜ்ஜையிலிருந்து வந்திருக்கும் அணுக்களுக்குள் மெல்லிய நீல வலை தெரியும். முதிர்ந்த அணுவில் அது இருக்காது. வலை இருப்பவை இவ்வளவு, இல்லாதவை இவ்வளவு என்று எழுதிக் கொடுப்பேன். சேர்ந்த நாளிலிருந்து செய்கிறேன். வலை எதனால் ஆனது என்று எனக்கு யாரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

"அதுதான் ரைபோசோம். சாயம் பட்டதும் எல்லாம் சேர்ந்து வலையாட்டம் திரண்டு தெரியுது," என்றார் டாக்டர்.

நான் நுண்ணோக்கிக்குத் திரும்பிப்போனேன். அதே தகடு, அதே நீலம். கருவைத் துறந்துவிட்ட அணு அது. இனிப் புதிய நகல் எதுவும் அதற்கு வராது. கையில் இருக்கும் கடைசி நகல்களைப் படித்துப் படித்து, தன்னால் முடிந்த மட்டும் ஹீமோகுளோபினைச் செய்து நிரப்பிக்கொள்கிறது. பிறகு படிக்கும் துகள்களும் கரைந்துபோகும். வெறும் சிவப்புப் பையாக மூன்று நான்கு மாதம் உடம்பைச் சுற்றிச் சுற்றி மூச்சைச் சுமக்கும்.

இத்தனை வருடம் இதைத்தான் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன். என் விரல் நுனியிலும் இந்த நொடி அது நடக்கிறது. அரிசி களையும்போதும், பஸ்ஸில் தூங்கிவழியும்போதும் நடந்திருக்கிறது. நான் பிறந்தது தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து துப்பாக்கிச்சூடு நடந்த வருடம். ஆலைச் சங்கே ஊதாத வாரம் என்று அப்பா சொல்வார். அந்த வாரமும் இது நிற்கவில்லை.

அன்று மாலை கோவிலுக்குப் போனேன். என்ன வேண்டிக்கொள்வதென்று தெரியாமல் சும்மா நின்றுவிட்டு வந்தேன்.

பஸ் நின்றது

இப்போது சரஸ்பதியிடம் வருகிறேன்.

இந்த இழை ஒவ்வொருவருக்கும் இரண்டு பிரதி. ஒன்று அம்மா கொடுத்தது, ஒன்று அப்பா கொடுத்தது. ஒரு பிரதியில் மட்டும் எழுத்து மாறியிருந்தால் உடம்புக்கு ஒன்றும் செய்யாது. ஆனால் தாளில் இரண்டு கோடுகள் விழும். இரண்டு பிரதியிலும் மாறியிருந்தால்தான் தேவிகாவைப் போல. அப்படியென்றால் ஒன்று தாயிடமிருந்தும் ஒன்று தகப்பனிடமிருந்தும் வந்திருக்க வேண்டும்.

சரஸ்பதியின் தாளில் இரண்டு கோடுகள். வேலாய்டன் ரத்தம் கொடுக்க வரவேயில்லை. சர்தார் வேண்டாமென்று சொல்லிவிட்டாராம்.

ஒரு நாள் மருத்துவமனை வாசலில் பஸ் ஒன்று வந்து நின்றது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. காக்கிச் சட்டையில் ஒருவன் படியேறி வந்து, தொப்பியைக் கழற்றி, விரலை நீட்டினான்.

"சீக்கிரம் எடுங்க மிஸ். ஆளுங்க உக்காந்திருக்காங்க."

"யாருங்க நீங்க?"

"தேவிகா அப்பா."

ஊசி குத்தியபோது அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஹாரன் சத்தம் கேட்டது. யாரோ பயணி எட்டி அமுக்கியிருக்க வேண்டும். பஞ்சை விரலில் அழுத்திக்கொண்டே இறங்கினான். பாதியில் நின்றான்.

"எனக்கு இருந்தா, அவ அம்மாவுக்குச் சுலபமாகுமா?"

"ஆகும்."

"அப்ப இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டுப் போனான்.

அன்றைக்கு மின்சாரம் போய் அந்தத் தாள் வீணானது. எடுத்துவைத்த ரத்தத்தில் மிச்சம் கொஞ்சம்தான் இருந்தது. மறுநாள் மாலை, சரஸ்பதியின் ரத்தத்தையும் அதே தாளில் பக்கத்தில் வைத்து, மீண்டும் பெட்டியை ஓட விட்டு வந்தோம். காலையில் நானும் டாக்டரும் ஒரே பஸ்ஸில் வந்து இறங்கி, பையைக்கூட வைக்காமல் உள்ளே போனோம்.

வேலாய்டனின் தாளில் இரண்டு கோடுகள்.

அவனிடம் சொன்னபோது தாளை வாங்கிப் பார்த்தான். பிறகு, "நான் சொன்னா அண்ணன் நம்ப மாட்டாரு. நீங்களே வந்து சொல்லுங்க. அந்தக் காகிதத்தைக் கொண்டாங்க," என்றான்.

லாங் மவுண்டனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

மலையடிவாரத்தில் தகரக் கூரை வீடு. முற்றத்தில் மாமரம். சர்தார் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு எங்களுக்காகக் காத்திருந்தார். எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டார். டாக்டரைப் பார்த்துத் தலையசைத்தார், உட்காரச் சொல்லவில்லை. டாக்டர் மாமரத்தில் கைவைத்து நின்றுகொண்டார்.

"டொக்தேர், இது உங்க ஆளுங்க வியாதின்னு சொல்றாங்க," என்றார் சர்தார்.

"எங்க ஆளுங்ககிட்ட இருக்கு. என் தம்பி இதுலதான் செத்தான். பள்ளிக்கூடம் போற வயசு," என்றார் டாக்டர்.

சர்தார் கீழே பார்த்தார். பிறகு வேலைக்காரப் பெண்ணிடம் இன்னொரு நாற்காலி கேட்டார்.

டாக்டர் தாளை மேசையில் விரித்தார். பக்கத்துப் பக்கத்தில் மூன்று ரத்தம். மூன்றிலும் இரண்டிரண்டு கோடுகள், ஒரே இடத்தில், ஒரே அகலத்தில்.

"யாரு இதெல்லாம்?"

"ஒண்ணு உங்க தம்பி. ஒண்ணு அவர் சம்சாரம். ஒண்ணு நான்."

ஒவ்வொரு தாளிலும் ஒப்பிட்டுப் பார்க்க, என்னவென்று ஏற்கெனவே தெரிந்த ரத்தம் ஒன்று வேண்டும். டாக்டர் எப்போதும் தன்னுடையதையே வைப்பார். அந்தக் கோடுகள் அவரிடமும் இருந்தன. நான் தினமும் பார்த்துப் பழகியிருந்ததால் எனக்கு அது பெரிதாகத் தோன்றியதில்லை. அன்று சர்தார் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு குனிந்தபோதுதான் தோன்றியது.

அவர் தாளைத் திருப்பிப் பார்த்தார். மறுபடி நேராக வைத்தார்.

"இதுல எங்களோடது எது?"

ஓரத்தில் எண் மட்டும்தான் இருந்தது. டாக்டர் காட்டினார். சர்தார் அதன் மேல் விரல் வைத்து, பக்கத்துக் கோட்டையும் தொட்டுப் பார்த்தார்.

நான் விளக்க முயன்றேன். லாமேர், லாமோர் வாய்வரை வந்தது. அந்த வீட்டில் ஒரு பிள்ளை போயிருக்கிறான், விழுங்கிக்கொண்டேன்.

"கடைக்குச் சீட்டு எழுதி ஆள் அனுப்பறீங்க. டிபேன்னு எழுதணும். ஓர் எழுத்து தவறி டிவேன்னு எழுதிட்டீங்க. என்ன வரும்?"

ரொட்டி கேட்ட இடத்தில் ஒயின். வேலாய்டனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அண்ணனைப் பார்த்து அடக்கிக்கொண்டான்.

"உடம்பும் அப்படித்தான். எழுதியிருக்கறதைத்தான் செய்யும். தானா மாத்தாது."

"யாரு தப்பா எழுதினது?" என்றார் சர்தார்.

"யாருமில்லை. ஒரு பிரதியைப் பார்த்து இன்னொண்ணு எடுக்கறப்ப எப்பவோ ஒரு தடவை விழுந்தது. அப்புறம் விழுந்தபடியே வருது. கப்பல் வர்றதுக்கு ரொம்ப காலம் முன்னாடி."

"எந்தக் கப்பல்?"

"தெரியாது," என்றார் டாக்டர். "ஆப்பிரிக்காவுல இருக்கு. இந்தியாவுல நீலகிரி மலையிலயும் இருக்கு. உங்களோடது எதுல வந்ததுன்னு இந்தத் தாள் சொல்லாது. என்னோடதும்தான்."

தேநீர் வந்தது. டாக்டர் மெதுவாக இன்னொன்று சொன்னார். ஒரு பிரதியில் மட்டும் எழுத்து மாறியிருப்பவர்களை மலேரியா அவ்வளவு எளிதாகக் கொல்வதில்லை. காய்ச்சல் ஊரையே வாரிக்கொண்டு போன காலத்தில் அந்த எழுத்து பலரை மிச்சம் வைத்திருக்கிறது.

சர்தார் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"எங்க தாத்தா தோட்டத்து லைன் வீட்டுல இருந்தப்ப காய்ச்சல் வந்திச்சி. கூட இருந்தவங்க எல்லாம் போயிட்டாங்க. தாத்தா மட்டும் எந்திரிச்சி வேலைக்குப் போனார். சாமி காப்பாத்திச்சின்னு சொல்லுவாங்க."

"சாமிதான்," என்றார் டாக்டர். அவர் கேலியாகச் சொல்லவில்லை. நானும் அதைக் கேலியாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த முற்றத்தில், அந்தத் தாளுக்கு முன்னால், எங்கள் எல்லோர் உள்ளுக்குள்ளும் அந்த வேளையிலும் எழுத்துக்கள் மூன்று மூன்றாகப் படிக்கப்பட்டுக்கொண்டிருந்தன.

பிறகு

தேவிகா பத்து வயதைத் தாண்ட மாட்டாள் என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தார். தாண்டினாள். குளிர்காலங்கள் மோசமாகத்தான் இருந்தன. ரத்தம் ஏற்ற வேண்டி வந்தது. ஆனாலும் படித்தாள், ஆரம்பப் பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்தாள். சிலருக்குத் தாயின் வயிற்றில் இருக்கும்போது செய்த ஹீமோகுளோபினை உடம்பு பெரியவர்களான பிறகும் கொஞ்சம் செய்துகொண்டே இருக்கும், அது அவர்களைக் காக்கும் என்று வெகுகாலம் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. சோதித்துப் பார்த்தோம். தேவிகாவுக்கு அது நிறையவே இருந்தது. ஒரு பக்கத்தில் எழுத்து தவறியிருக்க, அவள் உடம்பு மூடவேண்டிய இன்னொரு பக்கத்தை மூடாமல் விட்டிருந்தது.

டாக்டர் காயேத்தான் எந்த நாட்டுக்கும் போகவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுவாரம் நடந்ததைச் சரஸ்பதிதான் எனக்குச் சொன்னாள். அவள் ரிவியேர் டு ராம்பாரில், அப்பா வீட்டுப் பின்புறம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். தெருவில் பஸ் நின்றிருக்கிறது. வேலாய்டன் இறங்கவில்லை. சர்தார் இறங்கி வந்து, கொடிக்கு அந்தப் பக்கம், ஈரத் துணிகளுக்கு எதிரே நின்றாராம். அவளிடம் அவர் நேராகப் பேசியது அதுவே முதல் தடவை.

"வீட்டுக்கு வாம்மா. உன் மேல ஒண்ணுமில்ல. பாதி எங்களோடது."

"நீ என்ன சொன்ன?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லல, அக்கா. வாளியில இன்னும் துணி இருந்திச்சி. எல்லாத்தையும் காயப்போட்டேன். அவர் வெயில்ல நின்னுக்கிட்டே இருந்தார். முடிச்சிட்டுத்தான் பை எடுக்க உள்ள போனேன்."